விளையாடத் தெரியாதவன் போட்ட கையெழுத்து

பீச்சாங்கையால காசு நீட்டுனதுக்கு அந்தக் கண்டக்டர் மூஞ்சி போன போக்கப் பாத்தீங்களா சார்? "சோத்துக்கையால குடுங்க, வண்டி இப்பத்தான் ஊர விட்டு வெளிய வந்திருக்கு"ங்கிறாப்ல. அவரக் குத்தம் சொல்ல முடியாது. கோயில்ல துன்னூறுக்குக் கைய நீட்டுனாலும் எனக்கு இதே கததான். சட்டுன்னு இந்தக் கைதான் முந்திக்கிட்டு வருது. முப்பத்து மூணு வருசமா இப்படித்தான்.

பொறவியிலயே இப்படியான்னு பாக்குறீங்க. இல்லைங்க. பத்தொம்பது வயசு வரைக்கும் நானும் உங்கள மாதிரி சோத்துக்கைக்காரன்தான். அடிபட்டு மாறுச்சான்னா அதுவும் இல்ல. வேலைக்காக மாத்திக்கிட்டேன். வேலைக்காக ஊரு மாறுறவன் இருக்கான், பேரு மாத்துறவன் இருக்கான். நான் கைய மாத்துனேன்.

நான் பாஸ்கெட்பால் பிளேயருங்க. கார்டு. கார்டுன்னதும் ஏடிஎம் வாசல்ல ஸ்டூல் போட்டு ஒக்காந்திருப்பாரே, அவர நெனச்சிருப்பீங்க. எங்க மாமனாரே பொண்ணு குடுக்குறதுக்கு முந்தி அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தாரு. அஞ்சு பேரு ஆடுற டீம்ல, பந்த எடுத்துட்டுப் போறவன் கார்டு. பெரும்பாலும் இருக்கறதுலயே குட்டையான ஆளு. எவன் எங்க நிக்கணும், பந்து யாருக்குப் போகணும், எல்லாம் அவன் முடிவு. பதினெட்டு வருசம் எங்க டிபார்ட்மெண்ட் டீமுக்கு ஆடியிருக்கேன். அதுல ஆறு வருசம் கேப்டன். நடுவுல தனியார் லீக்குன்னு ஒண்ணு வந்துச்சு, ரெண்டு சீசன் நடத்திட்டு இழுத்து மூடிட்டாய்ங்க. அதுல கான்ட்ராக்ட் போட்டு ஆடுன ஆளு நான். டிவில காட்டுனாங்க. கமெண்ட்ரி சொல்றவரு என் பேரோட 'இடதுகை'ங்கிறதையும் சேத்துத்தான் சொல்லுவாரு. இப்ப அதே டிபார்ட்மெண்ட் டீமுக்கு நான்தான் கோச்சு. எந்த டிபார்ட்மெண்ட்னு மட்டும் கேக்காதீங்க. மத்ததெல்லாம் சொல்றேன். மதுர போய்ச் சேர ரெண்டு மணி நேரம் இருக்கு, அப்பறம் நீங்க யாரோ நான் யாரோ.

எனக்குச் சொந்த ஊரு போடிதான். இன்னைக்கு வந்தது போத்திராஜப் பாக்க. பேரச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன், வாயில வந்திருச்சு. பரவால்ல. அவனும் நானும் ஒரே தெரு, ஒரே வகுப்பு. அவன் ஜீப்பு ஓட்டுறான். ஏலத் தோட்டத்து வேலைக்குப் போற பொம்பளைங்களக் காலையில மேட்டுக்கு ஏத்திட்டுப் போயி விடுறதும் சாயங்காலம் எறக்கிக் கொண்டாந்து விடுறதும். மோசமான வேலன்னு சொல்ல முடியாது. டிரைவருக்கு கியர் போடுறது பீச்சாங்கைதான, அவனுக்கு வசதியா அமைஞ்சிருச்சு. அவன்தான் பொறவி பீச்சாங்கைக்காரன்.

பன்னெண்டு நாளைக்கு முந்தி ஆபீஸ்ல என்னயக் கூப்ட்டு ஒரு பேப்பரக் கையில குடுத்தாங்க. மொட்டக் கடுதாசி. நாலு வரி, கீழ ஆதாரம்னு கொஞ்சம். 'ஜெகதீசன் வேலையில் சேரக் காட்டிய மாநில ஜூனியர் சர்டிபிகேட் அவர் வாங்கியது அல்ல. அந்தப் போட்டியில் அவர் பெயரில் விளையாடியவர் போடியைச் சேர்ந்த ஜீப் ஓட்டுநர் போத்திராஜ்'னு போட்டிருக்கு. விசாரண ஆபீசர் நல்ல மனுசன். "அந்த போத்திராஜ்கிட்ட, நான் ஆடலைன்னு ஒரு வாக்குமூலம் வாங்கிட்டு வந்திருங்க, ஃபைல மூடிரலாம்"னாரு. வாங்கலைன்னா? வேல போச்சு. இன்னும் எட்டு வருசம் சர்வீஸ் இருக்கு. பென்சன் போச்சு. பெரியவளுக்கு இப்பத்தான் மாப்ள பேசி முடிச்சிருக்கோம், அவங்க வீட்டுல என்னயப் பாத்துத்தான் சம்மதிச்சாங்க, பேப்பர்ல போட்டோ வந்த ஆளுன்னு. அதே பேப்பர்ல இன்னொரு தடவ என் போட்டோ வந்தா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க. பன்னெண்டு நாளா நான் தூங்கல சார்.

கடுதாசில இருக்கது பொய்யான்னு கேக்குறீங்க. முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

எங்களுக்கு அப்பப் பதினெட்டு வயசு. திருச்சில ஸ்டேட் ஜூனியர் மேட்ச்சு. மாவட்ட டீமுக்குப் பன்னெண்டு பேரு, போட்டோ ஒட்டி லிஸ்ட்டு போயிருச்சு. அதுல நான் இருக்கேன், போத்திராஜ் இல்ல. ஆட்டத்துல அவன் எனக்கு ஒரு படி மேலதான், அத நான் எந்தக் காலத்துலயும் மறச்சதில்ல. ஆனா பொறந்த தேதி நாப்பது நாளு முந்திருச்சு. நாப்பதே நாளு. வயசு தாண்டிருச்சுன்னுட்டாங்க. சரி, அது அவன் தலையெழுத்து, அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? நான் கெளம்பணும். கெளம்புறதுக்கு மொத நாளு எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்திருச்சு. ரெண்டு கன்னமும் பன்னு மாதிரி. எங்கம்மா தன் கழுத்துல கெடந்த சங்கிலியக் கழட்டி என் கழுத்துல போட்டு, மஞ்சளும் வேப்பலையும் அரச்சுப் பூசி, வாசப்படி தாண்டக் கூடாதுன்னுருச்சு.

எங்க பி.டி. வாத்தியார் தனுஷ்கோடி சாரு வந்து என்னயப் பாத்தாரு. மனுசன் இப்ப உயிரோட இல்ல. பன்னெண்டு பேருல இருக்க ஒரே கார்டு நான்தான். நான் இல்லைன்னா பந்த எடுத்துட்டுப் போக ஆளில்ல. வாசல்ல போத்திராஜ் என்னயப் பாக்க வந்து நின்னுக்கிட்டிருந்தான். சாரு அவன மேலயும் கீழயும் பாத்தாரு. "டேய் போத்தி, ஒரு வாரத்துக்கு நீதான் ஜெகதீசன். சட்டத் துணிய எடுத்துட்டு வா"ன்னாரு. அவ்வளவுதான். அந்தக் காலத்துல இதெல்லாம் சகஜம்ங்க. திருச்சில லிஸ்ட்டப் பாக்குற ஆளு, போட்டோவப் பாத்துட்டு "மொகம் வேற மாதிரி இருக்கே"ன்னு கேட்டிருக்காரு. சாரு அசரல. "பொன்னுக்கு வீங்கி வந்து இப்பத்தான் சார் வத்திருக்கு, அதான் பய ஒடுங்கிப் போயிட்டான்"னுட்டாரு. வீங்குனவன் வீட்டுல சங்கிலியப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கேன், வத்துனவன் அங்க ஆடிக்கிட்டிருக்கான்.

அஞ்சு மேட்ச்சு ஆடுனான். ஏழாம் நம்பர் சட்ட, என் சட்ட. ஃபைனல்ல கடைசி நேரத்துல பீச்சாங்கையால ஒண்ணு போட்டு ஜெயிச்சுக் குடுத்திருக்கான். சிறந்த கார்டுன்னு ஒரு கப்பு, ஒரு சர்டிபிகேட்டு. ஊருக்கு வந்ததும் நேரா எங்க வீட்டுக்கு வந்தான். "இந்தா மாப்ள, உன் பேருதான் எழுதியிருக்கு"ன்னு குடுத்தான். வருத்தப்பட்ட மாதிரியெல்லாம் தெரியல. "அஞ்சு மேட்ச்சு ஆட விட்டாய்ங்களே, அது போதும்டா"ன்னான். நானா கேட்டேன்? அவனாத்தான் சொன்னான்.

அடுத்த வருசம் டிபார்ட்மெண்ட்ல இருந்து எனக்கு லெட்டர் வருது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஆள் எடுக்குறாங்க, செலக்சனுக்கு வான்னு. எங்க வீட்டுல அதுக்கு முந்தி ஒருத்தரும் கவர்மெண்டு சம்பளம் வாங்குனதில்ல. எங்கப்பா அந்த லெட்டர சாமி படத்துக்கு முன்னாடி வச்சாரு. நான் லெட்டர எடுத்துக்கிட்டுப் போத்திராஜ்கிட்ட ஓடுனேன். அவன் ரெண்டு தடவ படிச்சான். "திருச்சில பாத்துட்டுத்தான்டா கூப்புடுறாய்ங்க. அப்ப பீச்சாங்கைய எதிர்பாப்பாய்ங்க"ன்னான். கொஞ்ச நேரம் யோசிச்சான். அப்பறம் அவனே மருந்துக் கடையில ஒரு கட்டுத்துணி வாங்கிட்டு வந்து, என் இடது மணிக்கட்டுல சுத்தி விட்டான். "பிசகிக்கிச்சுன்னு சொல்லு. சோத்துக்கைல ஒனக்குத் தெரிஞ்சத ஆடு"ன்னான். யோசன அவனோடதுதான் சார், அத நான் மறுக்கல.

அங்க லாசரஸ் சாருன்னு கோச்சு. ரொம்பப் பெரிய ஆளு. "உன்னய ஃபைனல்ல கேலரி உச்சில இருந்து பாத்தேன்டா. என்ன ஒரு லெஃப்ட்டு"ன்னாரு. கட்டக் காட்டுனேன். "அச்சச்சோ, சரி, ரைட்ல ஆடு பாப்போம்"னாரு. ஆடுனேன். நான் ஒண்ணும் மட்டமான ஆட்டக்காரன் இல்லைங்க. ஆனா அவரு பக்கத்துல இருந்த ஆபீசர்கிட்ட சொல்றாரு: "அடிபட்ட கைய வச்சுக்கிட்டு, ஆகாத கையாலயே இவ்வளவு ஆடுறானே, கை சரியானா இவன எவன் புடிக்க முடியும்?" எடுத்துட்டாங்க. மூணு மாசம் கழிச்சு வந்து சேருன்னாங்க.

அந்த மூணு மாசம் நான் பட்ட பாடு இருக்கே. காலையில அஞ்சர மணிக்கு கிரவுண்டுக்குப் போயிருவேன். சிமெண்ட்டுத் தர. சோத்துக்கைய இடுப்போட சேத்துத் துண்டால கட்டிருவான். யாரு? போத்திராஜ்தான், வேற யாரு. பந்து தட்டுறது, பாஸ் குடுக்குறது, ஓடிப் போயிப் போடுறது, எல்லாம் பீச்சாங்கை. அவன் ஒரு தடவ செஞ்சு காட்டுவான், நான் நூறு தடவ செய்வேன். வலது பக்கம் போற மாதிரி தோளக் காட்டி, எதிராளி நம்புன நேரத்துல இடது பக்கம் நழுவுறது ஒண்ணு உண்டு. அது வர்றதுக்கு மட்டும் இருவத்தாறு நாளாச்சு எனக்கு. பொறந்ததுல இருந்து இல்லாத ஒண்ண மூணு மாசத்துல கொண்டு வர்றதுன்னா லேசா? எத்தன பேரு செய்வான்? அந்த உழைப்பு என்னோடது. அத மட்டும் எந்த மொட்டக் கடுதாசியும் இல்லைன்னு சொல்ல முடியாது.

சேர்ந்த அன்னைக்கு ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடுறேன், லாசரஸ் சாரு பக்கத்துல நிக்கிறாரு. பேனாவ இந்தக் கைக்கு மாத்திக்கிட்டேன். கோழி கிண்டுன மாதிரி ஒரு கையெழுத்து. அதுதான் இன்னைக்கு வரைக்கும் என் கையெழுத்து. பாங்குல, ஸ்கூல்ல, எங்க கல்யாண ரிஜிஸ்டர்ல எல்லாத்துலயும் அதுதான்.

ஆண்டிபட்டி வரப் போகுது. டீக்கு எறங்குவீங்களா? வேணாமா, சரி.

நீங்க கேக்கறதுக்கு முந்தி நானே சொல்லிர்றேன். அவனுக்கும் ஒரு சந்தர்ப்பம் வந்துச்சு. வரலைன்னு இல்ல. நான் சேர்ந்து ஒன்றரை வருசத்துல மறுபடியும் ஆள் எடுத்தாங்க. ஜூனியர் சர்டிபிகேட் இல்லாட்டியும் ஆட்டத்தப் பாத்துட்டு எடுக்கலாம்னு லாசரஸ் சாருக்கு ஒரு அதிகாரம் இருந்துச்சு. நான்தான் போத்திராஜுக்கு லெட்டர் போட்டு வரச் சொன்னேன். நான் வரச் சொல்லலைன்னா அவனுக்குத் தெரிஞ்சே இருக்காது. ராத்திரியெல்லாம் பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்து எறங்குனான். ஆடுனான். அப்படி ஒரு ஆட்டத்த நான் அதுக்கப்பறமும் பாத்ததில்ல. எங்க டீம் ஆளுக எல்லாம் கிரவுண்டு ஓரத்துல வந்து நின்னுட்டாய்ங்க.

லாசரஸ் சாரு விசில ஊதி நிப்பாட்டுனாரு. அவனப் பக்கத்துல கூப்ட்டாரு. நானும் நிக்கிறேன். "எந்த ஊருப்பா?" "போடி சார்." சிரிச்சாரு. "அதான பாத்தேன். தோளக் காட்டுறது, நழுவுறது, எல்லாமே ஜெகதீசனப் பாத்துப் பாத்து காப்பி அடிச்சிருக்க. நல்லாத்தான் அடிச்சிருக்க. ஆனா ஒரிஜினலு எங்கிட்ட இருக்கேப்பா, நகல வச்சு நான் என்ன பண்றது?" இதச் சொல்லிட்டு என் பக்கம் திரும்பி, "என்னடா, ஊருல உனக்கு ரசிகரெல்லாம் இருக்காங்க போல"ன்னாரு.

போத்திராஜ் என்னயப் பாத்தான்.

என் ஷூ லேஸு அவுந்திருந்துச்சு. குனிஞ்சு கட்டுனேன். "ஆமா சார், எங்கூருப் பயலுகளே அப்படித்தான்"னேன். வேற என்னத்தச் சொல்ல முடியும்? சொல்லுங்க. உண்மையச் சொன்னா எனக்கும் வேல போயிரும், அவனுக்கும் கெடைக்காது, தனுஷ்கோடி சாரும் மாட்டுவாரு. மூணு குடும்பம் கெட்டுப் போகும். அன்னைக்கு வாய மூடுனதால ரெண்டு குடும்பமாவது தப்பிச்சிச்சு. அவனுக்கு அது புரியும். புரிஞ்சதாலதான் அவனும் ஒண்ணும் சொல்லாமப் போனான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். புரோட்டா வாங்கிக் குடுத்தேன். சாப்ட்டான். பஸ்ஸு ஏறுனான். அதுக்கப்பறம் லெட்டர் போட்டா பதில் இல்ல. என் கல்யாணத்துக்கு வரல. எங்கப்பா செத்ததுக்கு வந்தான், தூக்குனான், குளிச்சான், போயிட்டான். எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. இவ்வளவு நாள் பழகுனவன், அப்படிச் செய்யலாமா?

அதனாலதான் அந்தக் கடுதாசியப் பாத்ததும், இவன் வேலதான்னு முடிவு பண்ணிட்டேன். முப்பது வருசமா மனசுல வச்சிருந்து கக்கிட்டான்னு நெனச்சேன். வர்ற வழியெல்லாம், நாக்கப் புடுங்குற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னு மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். அதே நேரம் கையெழுத்தும் வேணும். திட்டவும் செய்யணும், கெஞ்சவும் செய்யணும். என்ன நெலமன்னு பாருங்க.

மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். காலைச் சவாரி முடிஞ்சு வந்து படுத்திருந்தான். இன்னைக்குத் தோட்டத்துல சாயங்காலம் வேற வண்டி எறக்கிட்டு வருதாம், அவனுக்கு ஓய்வு. என்னயப் பாத்து எந்திரிச்சு ஒக்காந்தான். "வா மாப்ள"ன்னான். தல முழுக்க நரச்சிருச்சு, ஆனா வயிறு கெடையாது சார். என்னயப் பாருங்க. அவன் சம்சாரம் ஈஸ்வரி, "வாங்கண்ணே"ன்னு சேரு போட்டுட்டு அடுப்புல பால வச்சிச்சு. மூலையில ஒரு பந்து கெடந்துச்சு. தேஞ்சு வழுவழுன்னு இருந்துச்சு. சாயங்காலம் நேரங் கெடைக்கிறப்பெல்லாம் கிரவுண்டுக்குப் போயி தனியாப் போட்டுக்கிட்டிருப்பானாம்.

கடுதாசி நகல எடுத்து நீட்டுனேன். கண்ணாடி ஜீப்புல கெடக்குன்னுட்டு, ஈஸ்வரியப் படிக்கச் சொன்னான். அது படிச்சிச்சு. நாலு வரிக்குக் கீழ ஆதாரம்னு போட்டு, ஃபைனல்ல அறுவத்தொண்ணுக்கு அம்பத்தெட்டுன்னு ஜெயிச்ச விவரமெல்லாம் எழுதியிருந்தாய்ங்க. முழுசாக் கேட்டான். நான் அவன் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்கேன், எங்கயாவது கள்ளத்தனம் தெரியுதான்னு.

"ஸ்கோரு தப்பா இருக்கு மாப்ள"ன்னான். "அம்பத்தெட்டு இல்ல. அறுவது. ஒரு பாயிண்ட்டுதான் வித்தியாசம்."

அவ்வளவுதான் சொன்னான். எனக்கு அப்பத்தான் ஒறச்சிச்சு, இத எழுதுனது இவன் இல்ல. இவனா இருந்தா ஸ்கோரு தப்பா எழுதியிருக்க மாட்டான். எங்க டீம்ல நான் ஆட விடாம ஒக்கார வச்ச எவனோ ஒருத்தன் எங்கயோ காதுல வாங்கி எழுதியிருக்கான். கேக்க வச்சிருந்த நாலு கேள்வியும் அப்படியே தொண்டைக்குள்ள எறங்கிருச்சு. மன்னிப்புக் கேட்டிருக்கணும்தான். ஆனா நான் சந்தேகப்பட்டதே அவனுக்குத் தெரியாதே, எதுக்கு அதக் கெளறணும்?

விசயத்தச் சொன்னேன். வேல, பென்சன், பெரியவ கல்யாணம், எல்லாம் சொன்னேன். சொல்றப்ப எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, நடிப்பு இல்ல சார். "எங்க போடணும்?"னு கேட்டான். பத்திரத்துல ஏற்கெனவே டைப் அடிச்சுக் கொண்டு போயிருந்தேன். அதையும் ஈஸ்வரிதான் படிச்சிச்சு, சத்தமா. அந்தப் பொண்ணு நிறுத்தி நிறுத்திப் படிக்கும்.

"மேற்படி போட்டியில் நான் விளையாடவில்லை. எனக்குக் கூடைப்பந்து விளையாடத் தெரியாது. நான் எக்காலத்திலும் எந்த அணியிலும் விளையாடியதில்லை."

படிச்சிட்டு அவனப் பாத்துச்சு. "என்னங்க இது, தெரியாதுன்னு எழுதியிருக்கு? அப்ப சாயங்காலமானா பந்த எடுத்துட்டு எங்க போறீங்க?"ன்னு கேட்டுச்சு. "சும்மா காத்தாட நடக்கப் போறேன்னு வச்சுக்க"ன்னான். அப்பறம் அது என் பக்கம் திரும்பி ஒண்ணு சொல்லுச்சு. "அண்ணே, நீங்க டிவில ஆடுனீங்கள்ல, அப்ப இவரு ஜீப்ப நிப்பாட்டிட்டு எலக்ட்ரிக் கடை வாசல்ல நின்னு பாப்பாரு, என்னயவும் கூட்டிட்டுப் போவாரு. 'இப்பப் பாரு, தோளக் காட்டுவான், இப்ப எடப்பக்கம் போவான்'னு முன்னாடியே சொல்லிருவாரு. நீங்களும் அப்படியே போவீங்க." கேக்க எனக்குச் சந்தோசமா இருந்துச்சு சார். பேசாம இருந்தாலும் என் ஆட்டத்த எவ்வளவு நுணுக்கமாப் பாத்திருக்கான் பாருங்க.

கையெழுத்துப் போட்டான். மூணு எடத்துல. பால் பொங்குற சத்தம் கேட்டுச்சு. ஈஸ்வரி போயி அடுப்ப அமத்திட்டு, உள்ளயே நின்னுக்கிச்சு. காப்பி வரல. நானும் கேக்கல.

கெளம்புறப்ப ஒண்ணு சொன்னேன். சொல்லித்தான ஆகணும்? "விசாரணைக்கு எவனாச்சும் போடிக்கே வந்தாலும் வருவான் மாப்ள. நீ கிரவுண்டுல பந்தோட நின்னா, இந்தப் பேப்பருக்கு அர்த்தமே இல்ல. கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் போகாத"ன்னேன். "எத்தன நாளு?"ன்னான். "ஃபைலு மூடுற வரைக்கும். மூடுன பெறகும் எவனாவது திரும்பத் தொறப்பான். நான் ரிட்டயர்டு ஆகுற வரைக்கும் போகாம இருந்தா ரொம்ப நல்லது. ஒனக்கும் அம்பத்திரெண்டு ஆச்சு, முட்டி என்னத்துக்கு ஆகும்?" அவன் மூலையில கெடந்த பந்தக் காலால தள்ளி பீரோவுக்கு அடியில விட்டான். "சரி மாப்ள"ன்னான்.

சரி மாப்ளன்னா என்ன சார் அர்த்தம்? கோவமா, சம்மதமா? முப்பது வருசம் கழிச்சு வீடு தேடி வந்திருக்கேன். எம்மக பேரு என்னன்னு ஒரு வார்த்த கேக்கல. வாசல் வரைக்கும் வரல.

உசிலம்பட்டி தாண்டிட்டோமா? பேச்சுல தெரியவே இல்ல. இன்னும் கொஞ்ச நேரந்தான்.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. நாம ஏறுன பஸ்ஸு, ஊர விட்டு வர்றப்ப அந்தக் கிரவுண்டு ஓரமாத்தான் வந்துச்சு. அஞ்சு மணி இருக்கும். ஜீப்பு ரோட்டோரமா நிக்குது. அவன் கேட்டுக்கு வெளிய நிக்கிறான். கையில பந்து இல்ல. உள்ள யாரோ நாலஞ்சு பேரு ஆடிக்கிட்டிருக்காங்க, கம்பியப் புடிச்சுக்கிட்டு அதப் பாத்துக்கிட்டு நிக்கிறான். கேட்டு தொறந்துதான் கெடக்கு. ஒரு பந்து உருண்டு கேட்டத் தாண்டி அவன் காலுக்கிட்ட வந்துச்சு. உள்ள இருந்து ஒருத்தன் கையக் காட்டி, தூக்கிப் போடுங்கிறான். இவன் சுத்தும் முத்தும் பாத்துட்டு, ரெண்டு கையாலயும் எடுத்து, பழக்கமில்லாதவன் போடுற மாதிரி அடியில இருந்து வீசுனான் சார். அது பாதி தூரம் கூடப் போகல.

என்னயப் பாத்துட்டுச் செஞ்சானா? இல்ல. பஸ்ஸுல நான் இருக்கேன்னு அவனுக்குத் தெரியாது. நான் பாக்காதப்பவும் அப்படி வீசுறான். அத என்னால தாங்க முடியல. அதான் கண்டக்டர் ரெண்டு தடவ டிக்கெட் கேட்டும் எனக்குக் காதுல விழல.

ஒண்ணு சொல்றேன். அந்த விசாரண ஆபீசரு கேட்டது, 'அந்தப் போட்டியில் விளையாடவில்லை'ங்கிற ஒரே வரிதான். டைப் அடிச்ச பொண்ணு கூடக் கேட்டுச்சு, "இது போதுமே சார், அடுத்த ரெண்டு வரி எதுக்கு?"ன்னு. நான்தான், இருக்கட்டும்மா, கொஞ்சம் பலமா இருக்கட்டும்னு சொன்னேன்.

அவன் சொல்லியிருக்கலாம்ல சார்? இந்த ரெண்டு வரிய மட்டும் அடிச்சிரு மாப்ளன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்த எடத்துலயே அடிச்சிருப்பேன். பேனா என் பையிலதான் இருந்துச்சு. வாயத் தொறந்து கேட்டாத்தான எனக்குத் தெரியும்? அவன் கேக்கவே மாட்டேங்கிறான் சார். அன்னைக்கும் கேக்கல, இன்னைக்கும் கேக்கல.